இரிங்க சாமி

(மட்டக்களப்பில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய தம்பி, "கதிர்காமம் நடந்து போய் வந்த வாத்தியார்" என்றார். ஒரு சின்னத் திருத்தம். போனது நடந்து. வந்தது பஸ்ஸில். இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

பாதயாத்திரை என்றதும் எல்லோரும் காலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை நாள், எத்தனை கட்டை, எத்தனை கொப்புளம். நடக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடந்து முடித்த பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: அந்த வழியைப் போட்டதும் இத்தனை காலம் காத்து வைத்ததும் வீட்டில் இருந்தவர்கள். திண்ணையில் பாய் விரித்தவர்கள், கிணற்றடியில் வாளியை எடுத்து நீட்டியவர்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கால் கதையும் நடுவில் வரும், பயப்பட வேண்டாம்.

எங்கள் வீடு அமிர்தகழிப் பக்கம். மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் குளித்துவிட்டு வைகாசி, ஆனியில் காவி வேட்டியும் தோள்பையுமாகச் சாமிமார் எங்கள் ஒழுங்கையால் போவார்கள். அம்மா வாசலில் நின்று கூப்பிடுவார். தேத்தண்ணீர் கொடுப்பார், சில நாள் சோறும் கொடுப்பார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர்களுடைய கால்களைப் பார்ப்பேன். வெடித்த குதிகால்கள். இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து, ஓய்வூதியம் எடுத்த அடுத்த வைகாசியில், தொண்டைமானாற்றில் செல்வச் சந்நிதி முருகன் கோயில் வாசலில் நானே ஒரு தோள்பையோடு நின்றேன்.

சந்நிதியில் பூசை செய்பவர் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். கதிர்காமத்திலும் பூசகரான கப்புறாளை அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போவார். வடக்கே ஒரு முனையிலும் தெற்கே ஒரு முனையிலும் ஒரே வழக்கம். இடையில், நம்முடைய வாவிக்கரையில், சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற மண்டூரிலும் அதே வாய்கட்டு. மந்திரத்தை விட மௌனம் கூடிய வழிபாடு. சந்நிதிக்கு இன்னொரு பெயரும் உண்டு. அன்னதானக் கந்தன். அங்கே போய்ப் பசியோடு திரும்பிய ஆளை நான் கண்டதில்லை. இந்த யாத்திரை அப்படிப்பட்ட ஒரு வாசலில் தொடங்குவது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

எங்கள் குழுவில் முப்பது பேரளவில். பாதிக்கு மேல் வயதான பெண்கள். முன்னே ஒரு பெரியவர் வேலைத் தூக்கிக்கொண்டு போவார். அவரை யாரும் முந்தக்கூடாது. ஒருவரை ஒருவர் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுப் பெயரும் தொழிலும் சந்நிதி வாசலோடு சரி. நாற்பது வருடம் "சேர்" என்று கூப்பிடக் கேட்ட காதுக்கு அது பழக இரண்டு கிழமை எடுத்தது.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். அங்கிருந்து திருகோணமலை, கோணேஸ்வரம். பிறகு வெருகல், வாகரை, பனிச்சங்கேணி, மட்டக்களப்பு. கொக்கட்டிச்சோலை, மண்டூர். பிறகு கரையோரமாகக் காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில், பாணமை. அதற்கப்பால் உகந்தை. உகந்தைக்குப் பிறகு காடு. மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ ஒன்றரை மாதம். கதிர்காமத்துக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போவது முருகனிடம். ஆனால் நடக்கிற மாதம் கண்ணகியுடையது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல். அங்கிருந்து தெற்கே இறங்க இறங்க, நம்முடைய ஊர்களில் கண்ணகி கோயில் கதவு திறந்து சடங்கு, குளிர்த்தி. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் அவள்தான் அம்மன். கடைசி ஊரான பாணமையில் சிங்களமும் தமிழும் கலந்து பேசும் சனங்கள் அவளைப் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள், கொம்புமுறி விளையாடுகிறார்கள். பிள்ளையிடம் போகும் வழி முழுக்கத் தாய் வீட்டில் தங்கிப் போவது போல. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு என்ன காரணம் சொல்வார்களோ, எனக்குத் தெரிந்த காரணம் சோறு. சடங்கு நடக்கும் கோயில் இருந்தால் அங்கே அடுப்பு எரியும். அடுப்பு எரியும் இடத்தைப் பார்த்துத்தான் நடக்கிறவர்களின் பாதை வளையும்.

இனிக் கால் கதை. விடிய மூன்று மணிக்கு எழுந்து நடப்போம். பத்து மணிக்குத் தார் ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியாது. ஏதாவது கோயில் மண்டபத்தில், ஆலமர நிழலில் மாலை வரை கிடந்துவிட்டு மறுபடி நடப்போம். மூன்றாம் நாள் எனக்கு இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஐந்தாம் நாள் அது உடைந்தது. ஊசியால் குத்தாதே, வேப்பெண்ணெய் பூசு, துணி சுற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாளோ என்னவோ, காலைப் பற்றிய நினைவே போய்விட்டது. கால் கதை இவ்வளவுதான். உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

கை நீட்டுவதில்.

"ஏற்பது இகழ்ச்சி" என்று ஆத்திசூடி படித்து வளர்ந்தவர்கள் நாம். அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சம்பளம் வாங்கியவன் நான். முல்லைத்தீவுக்கு முன்னால் ஒரு தகரக் கூரை வீடு. போர் முடிந்து திரும்பி வந்து கட்டிய வீடு என்பது பார்த்தாலே தெரியும். முற்றத்தில் ஒரு அம்மா நின்று, "வாங்கோ சாமி, இருங்கோ" என்றார். கஞ்சி ஊற்றினார். முப்பது பேருக்குக் கஞ்சி என்றால் அந்த வீட்டில் எத்தனை நாள் அரிசி என்று என் மனம் கணக்குப் போட்டது. பையிலிருந்து காசை எடுத்தேன். எங்கள் குழுவில் கிரானிலிருந்து வந்த ஒரு ஆச்சி என் கையை மெல்லப் பிடித்து இறக்கினார். பிறகு நடக்கும்போது சொன்னார்: "மகன், அந்தப் புள்ள குடுத்தத நீங்க திருப்பிக் குடுக்கப் போனீங்க. அவ அத உங்களுக்கா குடுத்தா?"

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. என் நல்லெண்ணம் ஆச்சிக்கு விளங்கவில்லை என்று.

விளங்காதவன் நான் என்பது பிறகு தெரிந்தது. கஞ்சி ஊற்றிய அந்த அம்மா நாங்கள் எழும்பும்போது ஒரு துணி முடிச்சைத் தந்தார். உள்ளே சில்லறை. "கதிர்காமத்தில என்ர மகன்ர பேரில ஒரு கற்பூரம் கொளுத்திவிடுங்கோ." மகன் எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கவனித்தேன். தங்கிய ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதாவது வரும். ஒரு முடிச்சு, ஒரு பெயர், ஒரு நேர்த்தி. மகளுக்குக் கலியாணம் சரிவர வேண்டும், மாட்டுக்குச் சுகமாக வேண்டும், கடலுக்குப் போனவர் திரும்ப வேண்டும். நான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வாத்தியார் புத்தி. உகந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கொப்பியில் எழுபத்தொரு பெயர். தோள்பையில் என் உடுப்பை விட அந்தச் சில்லறைதான் கனம்.

அப்போதுதான் ஆச்சி கேட்டதன் பதில் எனக்குப் பிடிபட்டது. நடக்க முடியாதவர்கள் எங்களைக் கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். படுத்த படுக்கையான புருசனை விட்டு வர முடியாதவள், இடுப்பு ஒடிந்த கிழவர், நாள் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற குடும்பம் எல்லோரும் அந்த வருடம் கதிர்காமம் போனார்கள். நாங்கள் அவர்களுடைய கால். காலுக்குச் சோறு போடுவதற்குக் காசு வாங்குவார்களா?

வடக்கிலே "இருங்கோ" என்ற சொல், வெருகல் ஆற்றைத் தாண்டியதும் "இரிங்க" ஆகிவிட்டது. எந்த வீட்டில் என்று சொல்ல முடியாது. எங்களூர்ப் பேச்சு காதில் விழுந்ததும் முதுகுச் சுமை பாதி இறங்கிய மாதிரி இருந்தது. அங்கே ஒரு வீட்டில் ஒரு முதியவர் சொன்னதை மறக்க முடியவில்லை. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வழி அறுந்து கிடந்ததல்லவா? அதைப் பற்றிக் கேட்டேன். "சாமிமார் வராத வருசங்களில வைகாசி வந்ததே எங்களுக்கு விளங்கல்ல" என்றார். அறுந்ததை முடிந்தவர்களில் ஒருவர் அமெரிக்கர் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பற்றிக் ஹரிகன் 1972இல் முதல்முறை இந்த வழியை நடந்தவர். 1988இல், நாடு எரிந்துகொண்டிருந்த நேரத்தில், மறுபடி ஆட்களைத் திரட்டி நடக்கவைத்தவர்.  நம்முடைய வழியை நமக்கு நினைவூட்ட வெளியூர்க்காரர் வர வேண்டியிருந்தது என்று வெட்கப்படுவோரும் உண்டு. எனக்கு அதில் வெட்கமில்லை. அவர் நடந்தார் என்றால் அவருக்கும் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். அந்தக் குண்டுச் சத்தத்துக்குள்ளே, வாசற் கதவைத் திறந்து. அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மட்டக்களப்புக்கு வந்தோம். இங்கே ஒரு சங்கடம். வழியில் சொந்த வீடு வந்தாலும் உள்ளே போய்ப் படுக்கக்கூடாது என்று எங்கள் குழுவில் கட்டுப்பாடு. எங்கள் ஒழுங்கையால் நடந்தோம். என் வாசலில் என் மனைவி நின்றா. என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இருந்தது, வாயில் இல்லை. "இரிங்க சாமி" என்றா. எல்லோரோடும் சேர்ந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டேன். சோறு, பருப்பு, கீரை, தயிர். கூடக் கொஞ்சம் வைக்கட்டுமா என்று எல்லாச் சாமியையும் கேட்டா, என்னை மட்டும் கேட்கவில்லை. போகும்போது ஒரு முடிச்சு தந்து, பெயரை எழுதச் சொன்னா. முப்பத்தாறு வருடம் தெரிந்த பெயரைக் கொப்பியில் எழுதினேன். (சிரிக்கிறீர்கள். முன்வரிசையில் அவவும்தான் சிரிக்கிறா.)

மண்டூரில் கும்பிட்டுவிட்டுப் படுவான்கரையிலிருந்து குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடந்தோம். நம்மூரில் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றும் அந்த மிதவைக்குப் பெயர் பாதை. வெளியூர்ச் சாமி ஒருவர், "பாதயாத்திரையில் தண்ணீரில் மிதக்கலாமா?" என்று சந்தேகப்பட்டார். "பாதையில்தானே போறோம், சாமி" என்றார் வேல் தூக்கிய பெரியவர்.

திருக்கோவில், பொத்துவில், பாணமை. அதற்குப் பிறகு வீடுகள் குறைந்துகொண்டே போய் உகந்தையில் இல்லாமலே போய்விடும். கடற்கரையில் பாறை, பாறை மேல் சுனை, மலையில் வள்ளி. முருகன் கல் ஓடத்தில் வந்து இறங்கிய இடம் என்பார்கள், ஓடத்தையும் காட்டுவார்கள். கொடியேற்றத்துக்குச் சில நாள் முன்னால் காட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த நேரம் அங்கே ஒரு சந்தை மாதிரி. பல்லாயிரம் பேர். ஐந்து நாள் சாப்பாட்டைச் சுமக்க வேண்டும். அரிசி, பருப்பு, கருவாடு இல்லாத சைவச் சமையல், அவல், சீனி, தேயிலை.

கூமுனை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். இந்தப் பெயர்களைக் கிழக்கிலே ஆச்சிமார் பேரப்பிள்ளைகள் பெயர் மாதிரி வரிசை தவறாமல் சொல்வார்கள். கும்புக்கன் ஆற்றில் மருதமர நிழல், மணல், இடுப்பளவு தண்ணீர். நடந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அந்த ஒரு குளியலைச் சொல்வார்கள். அதைத் தாண்டினால் யாலக் காடு. அது பாலைப்பழம் பழுக்கும் காலம். பாலை மரத்தடியில் கரடி நிற்கும். எங்கள் பெரியவர் யானையை யானை என்று சொல்லவிடமாட்டார். "பெரியவர் அங்கால நிக்கிறார்" என்பார். "அரோகரா" சத்தம் போட்டுக்கொண்டே போனால் கரடியும் பெரியவரும் விலகிவிடுவார்கள் என்பது நம்பிக்கை. எங்கள் குழுவுக்கு விலகினார்கள்.

காட்டில் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. இரண்டாம் இரவு எங்கள் குழுவில் சண்டை வந்தது. சீனிக்குச் சண்டை. மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் சாமி என்று பேசி வந்தவர்கள், ஒரு பை சீனியை யார் தூக்குவது, யார் கூடப் போட்டுக் குடித்தது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் ஒரு பக்கம் பேசினேன், ஒளிக்கவில்லை. ஊருக்குள் நடந்த நாளெல்லாம் நாங்கள் நல்லவர்களாக இருந்தோம். ஏனென்றால் சீனி வேறு யாருடையதோ. எங்கள் பை எங்களுடையது என்று ஆனதும் எங்கள் குணமும் எங்களுடையதாகிவிட்டது. ஆச்சி மட்டும் ஒன்றும் பேசாமல் சீனியில்லாத தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். இப்போது காட்டுக்குள்ளும் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள், சில இடத்தில் சாப்பாடும் கொடுக்கிறார்கள். பிளாஸ்ரிக் போத்தல் சேர்ந்துவிடுகிறது, காடு காடாக இல்லை என்று முறையிடுகிறவர்கள் சொல்வதும் சரி. குப்பையை நானும் பார்த்தேன். ஆனால் அந்தத் தாங்கியைக் கண்டபோது ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டதையும் பார்த்தேன்.

நடக்கிறவரை அரசாங்கம் எப்படிப் பார்த்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கதிர்காமத் திருவிழா என்றால் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கொலரா. ஆட்களைக் கட்டுப்படுத்தினார்கள், தடுத்தார்கள். கொழும்பு ஆடிவேல் விழாவே 1870களில் அப்படித் தடுக்கப்பட்டவர்கள் தொடங்கியது என்று சொல்வார்கள். லெனாட் வூல்ஃப் என்ற பெயர் இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். திருவிழாவை மேற்பார்வை செய்வதும் அவர் உத்தியோகம். பிறகு 1913இல் அந்தக் காட்டுக் கிராமங்களை வைத்து அவர் எழுதிய நாவலில் ஒரு யாத்திரை வருகிறது. அதிகாரியாகத் தலை எண்ணியவருக்கு நாவலாசிரியராக முகங்கள் ஞாபகம் இருந்திருக்கின்றன.

எனக்கு இன்னும் பிடித்தது சேர் பொன்னம்பலம் அருணாசலம் எழுதிய ஒரு குறிப்பு. 1924இல் அச்சான முருக வழிபாடு பற்றிய கட்டுரையில், 1830களில் தம் பாட்டியார் வெறுங்காலோடு கதிர்காமம் போய்த் திரும்பியதைச் சொல்கிறார். நோயுற்ற குழந்தைக்காக வைத்த நேர்த்தி. அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து சேர் முத்துக்குமாரசுவாமி ஆனது. அதாவது ஆனந்த குமாரசுவாமியின் தகப்பனார். இதில் நான் நின்றுவிட்ட இடம் அந்தக் குழந்தை யார் என்பதல்ல. அந்த அம்மா திரும்பியும் நடந்தார். போன வழியே வந்தார். போகும்போது சோறு போட்ட வீட்டில் திரும்பி வரும்போது விபூதி கொடுத்திருப்பார். நேர்த்தி முடிந்ததா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லியிருப்பார்.

கதிர்காமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாணிக்க கங்கையில் முழுகினோம். சந்நிதானத்தில் பார்க்க ஒன்றுமில்லை, திரைச்சீலைதான். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கப்புறாளைக்குத்தான் தெரியும். இரவில் யானை மேல் பேழையை ஏற்றி வள்ளி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோகும்போதும் அது மூடியே இருக்கும். நான் அந்தத் திரைக்கு முன்னால் நின்று கொப்பியைத் திறந்து எழுபத்தொரு பெயரையும் வாசித்தேன். இடாப்புக் கூப்பிட்ட பழக்கம். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். விடவில்லை, வாசித்து முடித்தேன். முடிச்சுகளை அவிழ்த்துப் போட்டேன், கற்பூரம் கொளுத்தினேன்.

அன்று இரவே பஸ். நாற்பத்தாறு நாள் நடந்த ஆளை, ஏறிய பஸ் விடிவதற்குள் மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. வந்தது வேறு வழி. திருக்கோவிலும் இல்லை, பாணமையும் இல்லை. எழுபத்தொரு வீட்டில் ஒரு வீட்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை, என் மனைவியைத் தவிர. முல்லைத்தீவில் கஞ்சி ஊற்றிய அம்மாவுக்கு, உங்கள் மகன் பெயரை வாசித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு விலாசம்கூடத் தெரியாது. பெயர் எழுதிய கொப்பியில் ஊர் எழுத மறந்துவிட்டேன்.

இப்போது முழங்கால் விடாது. போன வருடம் நான் நடக்கவில்லை. வைகாசியில் எங்கள் வாசலில் நின்றேன். முதல் நாள் பதினாறு பேர், அடுத்த கிழமை நாற்பதுக்கு மேல். பிழையும் விட்டேன். முதலில் சோற்றைப் பரிமாறினேன், ஒரு அம்மா சாப்பிட முடியாமல் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தா. அதனால் இந்த முறை உங்களிடம் ஒரு விண்ணப்பம். அமிர்தகழியிலும் வாவிக்கு அங்காலயும் இருக்கிறவர்கள், உங்கள் ஒழுங்கையால் வேலோடு ஆட்கள் வந்தால், சோற்றுக்கு முன்னால் ஒரு பேசினில் சுடுதண்ணீர் வைத்து ஒரு கை உப்புப் போட்டு வையுங்கள். துவாய் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அவர்களிடம் கொப்பி இருந்தால், பெயரோடு ஊரையும் எழுதச் சொல்லுங்கள்.